சென்னையில் நிலம் நடுங்கினால்: வீட்டாருக்கான கேள்வி பதில்

அடுக்குமாடிக் கட்டடங்களின் உறுதியைச் சோதித்துச் சொல்வது என் தொழில். தூண், பீம், விரிசல் என்று பார்க்கப் போகும் இடமெல்லாம், கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்காரர்கள் நிலநடுக்கம் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையில் இருப்பவர்கள் பயந்து நடுங்கவும் வேண்டாம், நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்று இருந்துவிடவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தில் பெரும்பகுதியை நீக்கிவிடலாம்.

சென்னையில் நிலநடுக்கம் வருமா?

வரும். வந்தும் இருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று இரவு எட்டரை மணிவாக்கில், புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் சுமார் 5.5 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னையில் பலர் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிகழ்ந்தபோது இங்கே அலுவலகங்கள் காலியாயின. 2014 மே 21 இரவு பத்து மணிக்குச் சற்று முன் வங்கக் கடலில் 6.0. 2019 பிப்ரவரி 12 காலை ஏழு மணிக்கு மறுபடியும் வங்கக் கடலில் 5 அளவில் ஒன்று. இவை எதிலும் சென்னையில் பெரிய சேதம் இல்லை. அதனால்தான் மறந்துவிடுகிறோம்.

லாத்தூரில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மகாராஷ்டிரத்தின் அந்தப் பகுதி, அன்றைய வரைபடத்தில் நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் 6.2 அளவில் வந்த நிலநடுக்கம், தூங்கிக்கொண்டிருந்த ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது. பெரும்பாலும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள் சரிந்துதான் இறந்தார்கள். தென்னிந்தியாவின் பழைய பாறைத்தட்டு அசையாது என்ற நம்பிக்கையும் அன்றைக்குச் சரிந்தது.

மண்டலம் மூன்று என்கிறார்களே, அது என்ன?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 என்ற விதித்தொகுப்பு, எந்த ஊரில் எவ்வளவு ஆட்டத்தைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று சொல்கிறது. 2002இல் அதைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. கணக்குப் போடுபவர்களுக்கு இதன் பொருள், 0.10 ஆக இருந்த மண்டலக் காரணி 0.16 ஆனது. ஒரே கட்டடம் ஒன்றரை மடங்குக்கும் மேலான பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும்.

வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது இதுதான்: உங்கள் கட்டடம் 2002க்கு முன் கட்டியதா, பின் கட்டியதா? முன் கட்டியது என்றால் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் ஒருமுறையாவது கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

கீழ்வீட்டில் ஒன்றும் தெரியவில்லை, எங்கள் பத்தாவது மாடியில் மட்டும் தலை சுற்றியது. கட்டடத்தில் கோளாறா?

கோளாறு இல்லை. வெகுதொலைவில் நடக்கும் பெரிய நிலநடுக்கத்திலிருந்து இங்கே வந்துசேர்வது மெதுவாக அசையும் நீண்ட அலைகள். உயரமான கட்டடங்களின் இயல்பான அசைவும் அதே மெதுவான தாளத்தில்தான் இருக்கும். அதனால் தென்னையின் உச்சி காற்றில் ஆடுவதுபோல மேல்மாடிகள் ஆடும், அடியில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஓ.எம்.ஆர். பக்கத்து உயரமான அலுவலகங்களில் இருந்தவர்கள் உணர்ந்ததைப் பக்கத்துத் தெரு டீக்கடைக்காரர் உணராமல் போவது இப்படித்தான்.

அருகில் நடக்கும் நிலநடுக்கம் இதற்கு நேர்மாறு. வெடுக்வெடுக்கென்று குலுக்கும். தாழ்வான, விறைப்பான செங்கல் வீடுகளுக்கு அதுதான் கெடுதல்.

எங்கள் வீடு ஒருகாலத்தில் ஏரியாக இருந்த இடத்தில் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

கவனம் தேவை. மென்மையான களிமண் ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டும். தண்ணீர் ஊறிய தளர்ந்த மணல், பலமான குலுக்கலில் கொஞ்சநேரம் குழம்பாகிப் பிடிமானத்தை இழக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளிலும், அடையாறு, கூவம் கரைகளிலும், கடலோர மணற்பரப்பிலும் அடித்தளம் எப்படிப் போட்டார்கள் என்பது மிக முக்கியம். வீடு வாங்கப்போகிறவர்கள் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மாடுலர் கிச்சன் படத்தைக் காட்டுகிற பில்டரிடம் மண் அறிக்கையையும் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு மாடி. இந்த ஸ்டில்ட் அமைப்பு ஆபத்தா?

சென்னையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

மேல்மாடிகளில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர்கள் நிறைந்திருக்கும். அவை கட்டடத்தை விறைப்பாக்கும். கீழே சுவரே கிடையாது, வெறும் தூண்கள் மட்டும். பக்கவாட்டில் ஆட்டினால் மேல்பகுதி முழுதும் ஒரே கட்டியாக நகரும், வளைவதெல்லாம் கீழ்த்தளத்துத் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து குவியும். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் பல உட்கார்ந்துவிட்டன. இத்தகைய தளத்துத் தூண்களைக் கூடுதல் பலத்துடன் அமைக்க வேண்டும் என்று 2002 திருத்தமே சொல்கிறது. உங்கள் கட்டடத்தில் அது நடந்ததா என்று வரைபடத்தைப் பார்த்துப் பொறியாளர் சொல்லிவிடுவார்.

நீங்களே இன்றைக்குக் கீழே இறங்கிப் பார்க்கக்கூடியவை சில உண்டு. குழாய் பதிக்கவோ இன்னொரு பைக் நிறுத்தவோ தூணை யாராவது கொத்தியிருக்கிறார்களா? ஒரு குடியிருப்பில் மழைநீர்க் குழாயைச் சுவரோடு சுவராக மறைப்பதற்காக மூலைத் தூணில் முழங்கால் உயரத்துக்குக் காடி வெட்டி, உள்ளே இருந்த ரிங் கம்பிகளையும் அறுத்திருந்தார்கள். மேலே பூச்சுப் பூசி அழகாகப் பெயின்டும் அடித்தாயிற்று. தட்டிப் பார்த்தபோது வந்த டொக்டொக் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது. அந்த ரிங்குகள்தான் ஆட்டத்தின்போது தூண் நொறுங்கி வெடிக்காமல் இறுக்கிப் பிடிப்பவை. தயவுசெய்து தூணிலும் பீமிலும் உளி வைக்க யாரையும் விடாதீர்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கட்டியிருப்பதைப் போய்ப் பாருங்கள். ரிங் கம்பியின் இரு நுனிகளும் 135 டிகிரி மடங்கித் தூணின் உட்பக்கம் நுழைந்திருக்க வேண்டும். வெறும் 90 டிகிரியில் மடித்துவிட்டால் ஆட்டத்தில் அவிழ்ந்துகொள்ளும். கான்கிரீட்டுக்குள் கம்பி அமைக்கும் முறைக்கான விதித்தொகுப்பான ஐ.எஸ். 13920 சொல்வது இதைத்தான். கம்பி கட்டுபவருக்கு இது கூடுதலாகச் சில நொடி வேலை, அவ்வளவே.

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சீலிங்கில் கான்கிரீட் உதிர்கிறது. இதற்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. சாந்தோம், பெசன்ட் நகர், ராயபுரம், காசிமேடு என்று கடலோரம் முழுக்க இதே கதைதான். மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும். உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, அதற்குரிய மருந்துக் கலவையால் நிரப்ப வேண்டும். தூணிலோ பீமிலோ இப்படி இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

திருவல்லிக்கேணியில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. என்ன செய்யலாம்?

தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய கூரை அது. நல்ல வீடுகள், அழகான வீடுகள். ஆனால் சுவருக்குள் கம்பி கிடையாது, சுவரும் கூரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டும் இருக்காது. உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் கறையானும் ஈரமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூரையின் மேல் வெயிலுக்காக ஓடு மேல் ஓடாகப் போட்டுச் சுமையை ஏற்றியிருந்தால் குறையுங்கள். சுவர்களைச் சுற்றி இரும்புப் பட்டையோ கம்பி வலைப் பட்டையோ கட்டிப் பலப்படுத்தும் முறைகள் இருக்கின்றன. பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரை வைத்துச் செய்யுங்கள்.

சரி, வீட்டுக்குள் எங்கிருந்து தொடங்குவது?

படுக்கையறையிலிருந்து. நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அசையாமல் கிடக்கும் இடம் அது. கட்டிலில் படுத்து மேலேயும் சுற்றிலும் பாருங்கள். எது விழுந்தால் உங்கள் தலையிலோ பிள்ளையின் காலிலோ விழும்?

முதலில் தெரிவது இரும்பு பீரோவாக இருக்கும். குட்டையான நான்கு கால், உயரமான உடம்பு, தலையில் இரண்டு சூட்கேஸ். சூட்கேஸ்களை இன்றே இறக்குங்கள். பீரோவின் மேல்முனையைச் சுவரோடு பிணைக்க இரண்டு எல் கிளாம்ப் போதும். சுவரில் துளை போட்டு ராவல் பிளக் இறக்கி ஸ்க்ரூ முடுக்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும், பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போகும் நீளத்தில் வாங்குங்கள். பீரோவின் பக்கம், உட்புறமிருந்து நட்டு வைத்து போல்ட் போட்டால் கழன்றுவராது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒருவார்த்தை கேட்டுவிடுங்கள். சுவரில் இரண்டு ஓட்டைக்கு மறுப்பவரிடம் எதற்காக என்று விளக்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். முடியாவிட்டால் கட்டிலையாவது பீரோ விழும் தூரத்துக்கு அப்பால் நகர்த்துங்கள்.

அடுத்தது லாஃப்ட். சென்னை வீடுகளில் கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளை அண்டா முதல் கொலுப்பொம்மைப் பெட்டி வரை அங்கேதான் இருக்கும். கனமானவை கீழே வரட்டும், துணியும் தலையணையும் மேலே போகட்டும். லாஃப்டுக்குக் கதவு இல்லையென்றால் முன்பக்கம் ஒரு மரச்சட்டமாவது அடியுங்கள். சமையலறை அலமாரிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், ஊறுகாய் ஜாடியும் எண்ணெய் பாட்டிலும் கீழ்த்தட்டுக்கு வரட்டும். டி.வி.யைச் சுவரோடு பிணையுங்கள். தண்ணீர் கேனை ஸ்டாண்டின் மேல் கவிழ்த்து வைத்திருப்பவர்கள், 20 கிலோ எடை அது என்பதை நினைவில் வையுங்கள். இன்வர்ட்டர் பேட்டரி நடைபாதையில் இருந்தால் அதையும் கட்டிவையுங்கள், உள்ளே இருப்பது அமிலம்.

மொட்டை மாடியைப் பலர் மறந்துவிடுவார்கள். 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் நிரம்பினால் ஒரு டன். அதை நான்கைந்து செங்கல் தூண்களின் மேல் ஒரு கடப்பைக்கல்லைப் போட்டு ஏற்றிவைத்திருப்பதைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். ஆட்டத்தில் தண்ணீர் உள்ளே அலைமோதும்போது அந்தத் தூண்கள் நிற்காது. டேங்கைத் தாழ்வான கான்கிரீட் பீடத்துக்கு மாற்றுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் வைத்த பூந்தொட்டிகளைத் தரைக்கு இறக்குங்கள். ஏ.சி. வெளிப்பெட்டியைத் தாங்கும் ஸ்டாண்டு துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். நிலநடுக்கமே வராவிட்டாலும் புயலன்று இந்த வேலை உதவும்.

கேஸ் சிலிண்டரை என்ன செய்வது?

சிலிண்டர் நேராக நிற்கும்படி சுவரோடு சங்கிலியோ பட்டையோ போட்டுக் கட்டலாம். ரப்பர் டியூப்பில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரெகுலேட்டரை மூடத் தெரியாதவர் வீட்டில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள், வீட்டில் சமைத்துக்கொடுக்கும் அக்காவுக்கும் சொல்லுங்கள். ஆட்டம் வரும் நேரத்தில் அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் அவர்தான்.

அவசரப் பையில் என்னென்ன?

2015 வெள்ளத்தையும் 2023இல் மிக்ஜாம் புயலையும் பார்த்த வீடுகளில் ஏற்கெனவே ஒரு பை இருக்கலாம். அதே பை இதற்கும் போதும். டார்ச், பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் எஃப்.எம். ரேடியோ, விசில், முதலுதவிப் பொருள்கள், நாப்கின், சில்லறையாக ரொக்கம். ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் ஒரு ஜிப் கவரில். பிரஷர், சுகர் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, மருந்துச்சீட்டின் நகலோடு. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பழைய கண்ணாடியை அதிலேயே போட்டுவையுங்கள். தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று மூன்று நாளைக்கு. அதைப் பையில் சுமக்க முடியாது, தனியே கேனில் இருக்கட்டும். பொரி, அவல், பிஸ்கட், பேரீச்சம்பழம் போலச் சமைக்க வேண்டாதவை.

பையைவிட முக்கியமாக நான் நினைப்பது இரண்டு. கட்டிலுக்கடியில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி செருப்பு: இரவில் கண்ணாடி உடைந்து கிடக்கும் தரையில் வெறுங்காலோடு இறங்குவதால்தான் பலருக்குக் காயம் ஏற்படுகிறது. இன்னொன்று கிரில் கேட் சாவி. ராத்திரி பூட்டிவிட்டுச் சாவியை ஹேண்ட்பேக்கில் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள், எல்லோருக்கும் தெரிந்த இடமாக.

ஆடத் தொடங்கியதும் உடனே வெளியே ஓட வேண்டாமா?

கான்கிரீட் கட்டடத்தில் இருப்பவர்கள் ஓடக் கூடாது. இதைக் கேட்டதும் பலரும் என்னை நம்ப மறுப்பார்கள். ஆனால் பலமான ஆட்டத்தில் நடப்பதே கடினம். மாடிப்படி, கட்டடத்தின் பலவீனமான இடங்களில் ஒன்று. இருட்டில், கூட்டத்தில், செருப்பு ஸ்டாண்டும் சைக்கிளும் அடைத்த படிகளில் இறங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இறங்கிவிட்டாலும் வாசலில்தான் சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் ஜன்னல் கண்ணாடியும் விழும்.

ஆகவே மண்டியிட்டுக் குனியுங்கள். கனமான மேசைக்கடியில் நுழைந்து தலையையும் கழுத்தையும் மறையுங்கள். மேசைக்காலை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள். மேசை இல்லாத வீடு நம்மிடம் நிறைய. அங்கே ஜன்னலும் பீரோவும் இல்லாத உட்சுவர் ஓரமாகக் குந்தி, தலையணையாலோ இரு கைகளாலோ தலையைக் காத்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே வேண்டாம். ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் அந்த நேரம் மிக நீளமாகத் தோன்றும். கூட இருக்கும் பிள்ளைகளிடம் குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

எங்களுடையது தரைத்தள ஓட்டு வீடு. அப்போதும் உள்ளேயேவா?

ஓட்டு வீடு, மண்சுவர் வீடு, விரிசல் விட்ட பழைய செங்கல் வீடு என்றால், கதவு இரண்டெட்டில் இருந்து வெளியே திறந்தவெளியும் இருந்தால், ஆட்டத்தின் முதல் நொடிகளிலேயே வெளியேறுவது நல்லது. கதவு எட்டவில்லை, அல்லது வெளியே குறுகிய சந்தும் மின்கம்பிகளும் என்றால் உள்ளேயே தலையைக் காத்துக்கொள்ளுங்கள்.

கதவு நிலைக்கு அடியில் நிற்கச் சொல்வார்களே?

வேண்டாம். இன்றைய வீடுகளில் நிலைக்குத் தனிப்பலம் ஏதும் இல்லை. கதவு ஆடி வந்து விரலை நசுக்கும்.

படுக்கையில் இருந்தால்?

அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட்?

உள்ளே இருந்தால் எல்லாத் தளப் பொத்தான்களையும் அழுத்தி, நிற்கிற முதல் தளத்தில் வெளியேறுங்கள். வெளியே இருந்தால் ஏறவே ஏறாதீர்கள்.

அம்மாவால் குனியவோ மண்டியிடவோ முடியாது. அவருக்கு என்ன வழி?

நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அங்கேயே முன்னால் சாய்ந்து, கைகளால் பின்கழுத்தை மூடிக்கொள்ளட்டும். சக்கர நாற்காலி என்றால் முதலில் சக்கரத்தைப் பூட்ட வேண்டும். வாக்கர் வைத்திருப்பவர் அதைப் பூட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். அவர் பகலில் உட்காரும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் தள்ளி அமைத்துவிட்டால், ஆட்டத்தின்போது அவரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய நிலையே வராது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விசிலும் இருக்கட்டும்.

பைக்கிலோ பஸ்ஸிலோ இருந்தால்?

மேம்பாலம், விளம்பரப் பலகை, மின்கம்பி, பெரிய மரம் இவற்றுக்கு விலகி ஓரமாக நிறுத்துங்கள். கார், பஸ்ஸில் இருப்பவர்கள் உள்ளேயே இருக்கலாம். மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருங்கள். தண்டவாளத்தில் குதிக்காமல் ஊழியர் சொல்வதைக் கேளுங்கள்.

கடற்கரையில் இருக்கிறோம், அல்லது வீடே கடலோரம். சுனாமி பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது இங்கே காலை ஆறரை மணி. சென்னையில் பலர் கட்டில் லேசாக ஆடியதை உணர்ந்தார்கள். அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க மெரினாவில் நடைப்பயிற்சியும் கிரிக்கெட்டும் நடந்துகொண்டிருந்தன. சொல்ல ஓர் ஏற்பாடு அன்று நம்மிடம் இல்லை. இன்று இருக்கிறது: ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 முதல் இயங்குகிறது. கடலடி நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களிலேயே அது தகவல் தரும்.

அதை எதிர்பார்த்து நிற்க வேண்டாத சமயங்களும் உண்டு. ஆட்டம் பலமாகவோ வெகுநேரமோ நீடித்தால், கடல் திடீரென்று உள்வாங்கினால், பெரிய இரைச்சல் கேட்டால் உடனே கிளம்புங்கள். ஆட்டம் லேசாக, ஊஞ்சல்போல நெடுநேரம் இருந்தால் வெகுதொலைவில் பெரிய நிலநடுக்கம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கடலோரத்தில் இருப்பவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், கரையைவிட்டு விலகிப் போய்ச் செய்தியைப் பாருங்கள். உள்வாங்கிய கடலில் மீன் பொறுக்கவோ படமெடுக்கவோ இறங்கக் கூடாது. சென்னை தட்டையான ஊர், கடலோரத்தில் ஏறிக்கொள்ளக் குன்று இல்லை. பட்டினப்பாக்கத்திலோ எண்ணூரிலோ இருப்பவர்கள் மேற்கு நோக்கி உள்ளே நடங்கள். காரை எடுத்துக்கொண்டு நெரிசலில் மாட்ட வேண்டாம். உள்ளே போக நேரமில்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறுங்கள். முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். அடுத்து வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அரசு அறிவிக்கும்வரை பொறுங்கள்.

ஆட்டம் நின்ற பிறகு?

செருப்பைப் போடுங்கள். காயம் யாருக்கு என்று பாருங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாடை இருந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வாடை இல்லையென்றால் மெயினை அணையுங்கள். பிறகு சாவி, பை, பெரியவர்கள் என்று படிவழியாக இறங்குங்கள். சென்னையில் வீட்டுக்கு வீடு ஹெல்மெட் இருக்கிறது, போட்டுக்கொண்டு இறங்குங்கள். பின்னதிர்வில் சன்ஷேடிலிருந்து ஒரு துண்டு விழுந்தாலும் தலை தப்பும்.

போன் இணைப்பு நெரிசலாகிவிடும். பேசுவதைவிடக் குறுஞ்செய்தி எளிதில் போகும். மதுரையிலோ கோவையிலோ உள்ள ஓர் உறவினரை முன்பே முடிவுசெய்து, எல்லோரும் அவருக்கே 'நலம்' என்று செய்தி அனுப்புவது நல்ல ஏற்பாடு. பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் யார் போய் அழைத்துவருவது என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.

சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. உள்ளே போகலாமா?

பூச்சில் தலைமுடி அளவு கோடுகள் என்றால் பயமில்லை. சுவரில் பெருக்கல் குறிபோல் குறுக்கும்நெடுக்கும் ஓடும் அகலமான விரிசல், தூணும் பீமும் சேரும் இடத்தில் விரிசல், தூணில் கான்கிரீட் நொறுங்கிக் கம்பி தெரிவது, நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று பல இடங்களில் சிக்குவது, கட்டடமே ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறியாளர் பார்க்கும்வரை உள்ளே போகாதீர்கள். நகையை எடுக்க ஒரு நிமிடம் என்றுகூட வேண்டாம்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது வழி?

எந்த நாள், எந்த நேரம் என்று உலகில் யாராலும் சொல்ல முடியாது. இன்றிரவு 11 மணிக்குச் சென்னையில் பூகம்பம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது பொய். அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும் அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள், மேலே அனுப்பாதீர்கள். நடந்த நிலநடுக்கத்தின் அளவும் இடமும் தேசிய நில அதிர்வு மையத்தின் 'பூகம்ப்' செயலியில் வரும். ஆண்ட்ராய்டு போன்களில் நிலநடுக்க எச்சரிக்கை வசதி இந்தியாவுக்கு 2023இல் வந்தது, செட்டிங்ஸில் பார்த்து இயக்கிவையுங்கள். ஆட்டம் தொடங்கியதை வைத்துத் தள்ளி இருப்பவர்களுக்குச் சில நொடி முன்னதாகச் சொல்லும், அவ்வளவுதான். குனிந்து மறைய அந்தச் சில நொடி போதும்.

அசோசியேஷனில் என்ன பேசலாம்?

கூடுவதற்கான திறந்தவெளி எது என்று முடிவுசெய்யுங்கள், டிரான்ஸ்ஃபார்மருக்கும் மதில்சுவருக்கும் தள்ளி. படிக்கட்டைக் காலிசெய்யுங்கள். மொட்டை மாடிக் கதவுச் சாவியும் மெயின் சுவிட்ச் இருக்கும் இடமும் வாட்ச்மேன் அண்ணனைத் தவிர இன்னும் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். எந்த வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறார் என்ற பட்டியலும், அவர் கதவைத் தட்டுவது யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கட்டட வரைபடங்கள் பலரிடம் கேட்டும் கிடைக்காத குடியிருப்புகள் உண்டு. பில்டரோ பழைய செயலாளரோ எட்டும் தூரத்தில் இருக்கும்போதே கட்டமைப்பு வரைபடத்தை வாங்கி நகலெடுத்துவையுங்கள். நாளைக்குத் தூணைப் பலப்படுத்த வேண்டுமானால் அந்தத் தாள்தான் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கச் சேதமும் சேரும். வங்கிக் கடனோடு எடுத்த பாலிசி என்றால் அது கட்டடத்துக்கா, உங்கள் உயிருக்கா என்று பிரித்துப் பாருங்கள். வீட்டுப் பொருள்களுக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அறை அறையாகப் போனில் ஒரு வீடியோ எடுத்து மின்னஞ்சலில் போட்டுவைத்தால் பிறகு நிரூபிக்க உதவும்.

எந்த எண்களை எழுதிவைக்க வேண்டும்?

அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913, கேஸ் கசிவு 1906. போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பாட்டி கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும்.